பட்டுவுக்கு நான் எழுதிய குறிப்பு

ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்ததற்கு நன்றி ஆன்ட்டி. எனக்கு பஸ்ஸில் வாந்தி எல்லாம் வராது, சும்மா சொன்னேன். கோபப்படாதீங்க. பதிலுக்கு ஒரு நியாயம் கேட்கிறேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. காந்திபுரத்திலிருந்து சரவணம்பட்டி போவதற்குள் முடித்துவிடுவேன். இந்த டிராபிக்கில் ரெண்டு தடவைகூடச் சொல்லலாம்.

என்னை ஒரு கம்பெனியிலிருந்து துரத்திவிட்டார்கள். நான் அந்தக் கம்பெனியைக் காப்பாற்றிய மறுநாள்!

நான் பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம். லீவில் எங்கேயாவது டிரெயினிங் போயே ஆகணும். எங்கள் எச்.ஓ.டி. யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டார். அதனால் அவர் குரலில் நானே போன் செய்து சிபாரிசு செய்துகொண்டேன். “என் ஸ்டூடண்ட் ஒருத்தி வருவா சார். பேர் ரித்திகா. ரொம்ப அமைதியான பொண்ணு. வாயே திறக்கமாட்டா.” உடனே சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாளே, ‘இது வேற பொண்ணோ’ என்று முதலாளி கொஞ்சம் குழம்பினார். அது கிடக்கட்டும்.

சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மாடியில் ஆபீஸ். முதலாளி ஆறுமுகநயினார் சார், அம்பாசமுத்திரக்காரர். எதைச் சொன்னாலும் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை நாமே கண்டுபிடிக்கணும். “ஏட்டி, அதைத் தூக்கி அதுல போடு.” இதுதான் ஒரு முழு உத்தரவு. ப்ரோகிராம் எழுதுவது பெனிட்டா அக்கா. ஊர் நாசரேத். பேசாமல் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பார். சிரித்தால் மட்டும் மூக்கில் டீ வரும்.

இவர்கள் செய்வது கல்யாண மண்டபங்களுக்கான சாப்ட்வேர். மண்டபத்தில் ஒரு கல்யாணம் பதிவாகியிருக்கிறதா, முதல் நாள் சாயங்காலம் சமையல்காரர் போனில் ‘டிங்’. பூக்காரருக்கு டிங். மேளக்காரருக்கு, சேர்காரருக்கு டிங். நாளைக்கு இந்த மண்டபம், இத்தனை மணிக்கு வா என்று தானாகப் போகும். அந்த ஒவ்வொரு இணைப்புக்கும் வெப்ஹூக் என்று பெயர். ஒருத்தர் வேண்டாம் என்றால் அவருடைய வெப்ஹூக்கை நீக்கணும். மண்டபக்காரர்களுக்கு அதெல்லாம் தெரியாது இல்லையா? அதனால் வாயால் சொன்னால் செய்வதற்கு ஒரு ஏஐ உதவியாள் வைத்திருக்கிறார்கள். பெயர் பட்டு.

பட்டு நல்ல பிள்ளை ஆன்ட்டி. ஆனால் கண் கிடையாது. அதன் கையில் கொஞ்சம் டூல்கள். எந்த டூல் எதற்கு, எப்போது எடுக்கணும், எப்போது எடுக்கக்கூடாது என்று பக்கத்தில் நாம் எழுதிவைக்கிற குறிப்புதான் அதற்குத் தெரிந்த உலகம். அதைத்தான் டாக்குமென்டேஷன் என்கிறார்கள். நீக்குகிற டூலுக்கு ஆறுமுகநயினார் சார் இங்கிலீஷில் எழுதிய குறிப்பு என்ன தெரியுமா? “வெப்ஹூக்கை நீக்கும்.” அவ்வளவுதான். எதை, எத்தனையை, யாரைக் கேட்டு? அதையெல்லாம் பட்டுவே கண்டுபிடிக்கணும், எங்களை மாதிரி.

அன்னூரில் கனகமணி அம்மா என்று ஒருத்தர். எங்கள் கம்பெனிக்கு அவர்தான் பெரிய கஸ்டமர். சொந்த மண்டபம், சொந்தக்காரர்களின் மண்டபங்கள், எல்லாம் அவர் சொன்னால்தான். ஒருநாள் தூங்கி எழுந்த எரிச்சலில் பட்டுவிடம் சொல்லியிருக்கிறார்: “என்ன கண்ணு இது, சும்மா டிங்கு டிங்குன்னு. அத்தனையும் நிறுத்து.” பட்டு நிறுத்திவிட்டது. அத்தனையையும். அடுத்த முகூர்த்தத்தில் மாப்பிள்ளை வந்தார், பெண் வந்தாள், ஊரே வந்தது, சமையல்காரர் வரவில்லை. அன்னூர் பஸ் ஸ்டாண்டில் இருந்த அத்தனை ஓட்டல் இட்லியும் அன்றைக்கு வாழை இலைக்கு வந்தது.

சார் பயந்துபோய் பெனிட்டா அக்காவிடம் குறிப்பை மாற்றச் சொன்னார். அக்காவும் இங்கிலீஷிலேயே மாற்றினார். இணைப்பின் பெயரைச் சொல்லி, கூடவே ‘அழி’ என்ற வார்த்தையையும் வாய்விட்டுச் சொன்னால்தான் நீக்கும். சாருக்கு ஏகப் பெருமை. “இனி எவனும் கைதவறி ஒண்ணும் பண்ண முடியாதுல்லா!”

கைதவறி மட்டுமா? கைதவறாமலும் முடியவில்லை.

கனகமணி அம்மா குப்புராஜ் என்கிற பழைய சமையல்காரரை நிறுத்திவிட்டு வேறொருவரைச் சேர்த்திருந்தார். பட்டுவைக் கூப்பிட்டார். இருங்க, ரெண்டு குரலிலும் செய்து காட்டுகிறேன்.

“கண்ணு, அந்தக் குப்புராஜை நல்லபடியா அனுப்பிவெச்சுரு.”

“குப்புராஜ் சமையல் இணைப்பை நீக்க, ‘அழி’ என்று சொல்லவும்.”

“போயிட்டு வரட்டும்னு சொல்றேனுங்.”

“‘அழி’ என்று சொல்லவும்.”

“கல்யாண மண்டபத்துல உக்காந்துட்டு அந்த வார்த்தைய என்ற வாயில சொல்லோணுமா? பானையில சோறு தீந்தாலே நிறைஞ்சிருக்குதுன்னு சொல்ற வாயி கண்ணு இது!”

“‘அழி’ என்று சொல்லவும்.”

நல்லா இருக்கா ஆன்ட்டி? முன் சீட்டு அண்ணன்கூடத் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும். கனகமணி அம்மா கடைசிவரை சொல்லவில்லை. பட்டுவும் கடைசிவரை நீக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் குப்புராஜுக்கும் டிங், புதியவருக்கும் டிங். ரெண்டு பேரும் அண்டா குண்டாவோடு இறங்கிவிட்டார்கள். பந்தியில் ரெண்டு சாம்பார். பெண்வீட்டார் இந்தச் சாம்பார், மாப்பிள்ளை வீட்டார் அந்தச் சாம்பார் என்று பிரிந்து, ஒரு சம்பந்தமே சாம்பாரில் கரைய இருந்தது.

கனகமணி அம்மா போன் செய்தார். சார் ஸ்பீக்கரில் போட்டார். “ஏனுங், வர்ற ஞாயித்துக்கிழமை என்ற மண்டபத்துல ஒரு அடுப்புதான் எரியோணும். ரெண்டு எரிஞ்சுதுன்னா உங்க கம்பெனிக்கு நானே வந்து தேங்கா பழம் வெச்சுக் கும்பிட்டுட்டுப் போயிருவேன்.”

சார் முகம் வெளுத்தது. பெனிட்டா அக்கா முகம் அதைவிட. ஏனென்றால் அந்த அம்மா போனால் கம்பெனியில் மிச்சம் இருப்பது சாரும் கீழே இருக்கிற பேக்கரி வாசனையும்தான். அக்காவுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார்கள், கப்பல் வேலை. இங்கே வேலை இருக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை என்று அவர் அப்பாவோடு ஒரு ஒப்பந்தம். “வேலை போச்சுன்னா அடுத்த பஸ்ல நாசரேத்துட்டி. அதுக்கடுத்த வாரம் ஓலை வாசிச்சிருவாவ,” என்றார். அவர்கள் சர்ச்சில் கல்யாண அறிவிப்பு சொல்வதை அப்படிச் சொல்வார்களாம். அந்த ஆளைப் பிடிக்காதா என்று கேட்டேன். “ஒருதரம் பேசினேன். முழு நேரமும் கப்பலைப் பத்தியே சொன்னான்,” என்றார்.

அப்போதுதான் சார் என்னைப் பார்த்தார். “ஏட்டி, உனக்கு வாய் நீளம்லா? அதை எழுத்துல காட்டு. பட்டு தமிழ்லதான பேசுது, குறிப்பையும் தமிழ்ல எழுது.”

எழுதினேன் ஆன்ட்டி! மொழிபெயர்க்கத்தான் சொன்னார்கள். எனக்கு ரெண்டு வரியில் கொட்டாவி வந்துவிட்டது. அக்காவைச் சிரிக்கவைக்கலாம் என்று என் இஷ்டத்துக்கு எழுதினேன். மனப்பாடமாகவே சொல்வேன், கேளுங்க.

“பட்டு, இந்த டூல் ஒரு இணைப்பை நீக்கும். நீக்கினால் திரும்பி வராது, முதலிலிருந்துதான் சேர்க்க வேண்டும். அதனால் பதறாதே. ஆறுமுகநயினார் சார் மாதிரி ஒருவர் வந்து ‘அதைத் தூக்கிக் கடாசு’ என்பார். எதை என்று சொல்லமாட்டார். கடாசாதே. இருக்கிற இணைப்புகளை வரிசையாகச் சொல்லி, எது என்று கேள். கனகமணி அம்மா மாதிரி ஒருவர் வந்தால் ‘நீக்கு’ என்று சொல்லவே மாட்டார். ‘நல்லபடியா போயிட்டு வரட்டும்’ என்பார். அவரிடம் கெட்ட வார்த்தை கேட்காதே. பெயரைத் திருப்பிச் சொல். அது நின்றால் நாளைக்கு யார் வரமாட்டார் என்று சொல். ‘சரிங்’ என்றால் மட்டும் செய். ஒரு நேரத்தில் ஒன்றுதான். ‘அத்தனையும்’ என்றால் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம், ஆறவிடு. யார் சொல்லி நீக்கினாய் என்பதைக் குரலோடு எடுத்து வை. நாளைக்கு ‘நான் எங்க சொன்னேன்?’ என்பார்கள்.”

அக்காவுக்கு மூக்கில் டீ வந்தது. சிரித்துக்கொண்டே சும்மா அதைப் பட்டுவிடம் கொடுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. “ஏட்டி ரித்தி, இது வேலை செய்யுதுட்டி!”

வேலை செய்யாமல் என்ன? ஒவ்வொருத்தரும் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்தால்தானே அவர்கள் சொல்வது விளங்கும். அந்த வாரம் முழுக்க நான்தான் சோதனை. சோதனைக்கென்று வைத்திருந்த நகல் பட்டுவிடம், மைக் முன்னால் உட்கார்ந்து சார் குரலில் கடாசச் சொல்வேன், கனகமணி அம்மா குரலில் வழியனுப்புவேன், சென்னைக்காரர் ஒருவரை உண்டாக்கி “இன்னா பட்டு, அத்த தூக்குமா” என்பேன். எங்கேயாவது பட்டு சறுக்கினால் அக்கா குறிப்பில் ஒரு வரி சேர்ப்பார். எத்தனை வரி சேர்த்தாலும் நான் இன்னொரு குரலில் வருவேன். அப்படிச் சிரித்து வேலை செய்த அக்காவை அந்த ஆபீஸ் பார்த்ததே இல்லையாம்.

சனிக்கிழமை புதுக் குறிப்பு நிஜமான பட்டுவுக்குப் போயிற்று. கனகமணி அம்மாவைப் பேசச் சொன்னோம். “குப்புராஜு நல்லபடியா போயிட்டு வரட்டும் கண்ணு,” என்றார். பட்டு என்ன சொன்னது தெரியுமா? என் குறிப்பைப் படித்துப் படித்து அதற்கும் அந்தப் பேச்சு தொற்றிக்கொண்டது! “சரிங்கம்மா. குப்புராஜ் ஒருத்தருக்கு மட்டும் இனித் தகவல் போகாதுங். மத்தவங்க எல்லாம் நிறைஞ்சிருப்பாங்க. செஞ்சுடலாங்களா?” அந்த அம்மா குளிர்ந்துபோனார். “சரிங். யாரு பெத்த புள்ளையோ, பதனமாப் பேசுது!”

குப்புராஜ் போயாயிற்று. ஒரு அடுப்பு உறுதி. அக்கா கீழே பேக்கரிக்கு முட்டை பப்ஸ் வாங்கப் போனார். நான் மைக் முன்னால் தனியாக இருந்தேன்.

நீங்களே சொல்லுங்க, மைக்கும் நானும் தனியாக இருந்தால் என்ன நடக்கும்? இன்னும் ஒரே ஒரு சோதனை என்று கனகமணி அம்மா குரலை எடுத்தேன். “கண்ணு, மேளக்காரர் சின்னராசும் நல்லபடியா போயிட்டு வரட்டும்.” பட்டு பெயரைத் திருப்பிச் சொன்னது, நாளைக்கு மேளம் வராது என்றது, செய்யலாங்களா என்றது. ஒரு கலைஞர் பாதியில் நிறுத்துவாரா ஆன்ட்டி? “சரிங்,” என்றேன். நீக்கிவிட்டேன் என்றது. எனக்கு ஒரே சந்தோஷம். பட்டுவே ஏமாந்துவிட்டது!

சோதனைப் பட்டுவுக்கு ஒரு ஜன்னல், நிஜப் பட்டுவுக்கு ஒரு ஜன்னல். திரையில் பக்கத்துப் பக்கத்தில், ரெண்டும் ஒரே நீலம். நான் பேசியது நிஜப் பட்டுவிடம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரே நிறம் வைத்தது யார் தப்பு? குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சார் என்னையும் அக்காவையும் அன்னூருக்கு அனுப்பிவைத்தார், ஏதாவது என்றால் பார்த்துக்கொள்ள. ஒரு அடுப்புதான் எரிந்தது. கனகமணி அம்மா எங்களுக்கு நெய் ரோஸ்ட் போடச் சொன்னார். அக்கா தெம்பாகச் சாப்பிட்டார். அப்போது மேடைப் பக்கம் ஒரு சலசலப்பு. “மேளம் எங்கப்பா? முகூர்த்தம் நெருங்குது!”

போன் போட்டார்கள். சின்னராசு எடுத்தார், பின்னாலேயே தவில் சத்தம். “நேத்து டிங்கு வரலைங்களே. தேதி தள்ளிப்போச்சாட்டம்னு சேவூர்ல ஒரு கல்யாணத்துக்கு வந்துட்டமுங்.” அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டிங் வந்தால் வேனை எடுப்பார், வராவிட்டால் எடுக்கமாட்டார். எல்லோரும் அப்படிப் பழகிவிட்டார்கள்.

அக்கா லேப்டாப்பைத் திறந்து ஏதோ பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மிச்சத்தோடு இலையைத் தள்ளிவைத்தார். நெய் ரோஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை போல.

சவுண்டு சர்வீஸ்காரர் போனிலிருந்து நாதஸ்வரம் போட்டார். நாலு இழுப்பு இழுத்ததும் உள்ளே பல்பொடி விளம்பரம் வந்தது. அதை நிறுத்தினால் நெட் சுற்றிக்கொண்டே நின்றது. ஐயர் தாலியைக் கையில் எடுத்துவிட்டார். கனகமணி அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேளம் இல்லாமல் தாலி ஏறினால் அந்த மண்டபத்தை இனி யார் பிடிப்பார்கள்?

நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். துணித் திரை. அங்கே ஒரு மைக். ஐயர் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று விரலை ஆட்டினார். மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாயால் நாதஸ்வரம். இன்னொரு கையால் கன்னத்தில் தவில். பேப்பேபே பீபீபீ, தடதடதடதட! ஆன்ட்டி, என் வாழ்க்கையில் அப்படி வாசித்ததே இல்லை. கன்னம் வீங்கிவிட்டது. தாலி ஏறிற்று, அட்சதை விழுந்தது, வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஒரு தாத்தா மட்டும், “தவில் கொஞ்சம் எச்சிலா இருக்குதே” என்றாராம்.

திரை விலகியது. கனகமணி அம்மா. பின்னால் பெனிட்டா அக்கா, அவருக்கும் பின்னால் தலையைக் குனிந்தபடி அந்த அம்மாவின் மருமகள் சங்கவி. கனகமணி அம்மா என் கன்னத்தைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். ஆனால் அவர் கேட்டது வேறு. “சின்னராசை எடுத்துவிட்டது யாரு?”

“நான்தாம்மா,” என்றார் பெனிட்டா அக்கா.

ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லியிருக்கலாம், எல்லோரும் அதைத்தானே சொல்வார்கள். கனகமணி அம்மா நம்பாமல் போனை எடுத்துப் பட்டுவிடமே கேட்டார். பட்டு, “நேத்து நீங்களேதான் சொன்னீங்கம்மா,” என்று எடுத்துவைத்த குரலைப் போட்டுக் காட்டியது. ‘கண்ணு, மேளக்காரர் சின்னராசும் நல்லபடியா போயிட்டு வரட்டும்.’

அந்த அம்மா அப்படியே சேரில் உட்கார்ந்துவிட்டார். “என்ற குரல்தான். நானேதான் சொல்லியிருக்கறேன். எப்பச் சொன்னேன்? ஒண்ணுமே நெனப்பு இல்லையே…” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “உங்க மேல தப்பில்லை அம்மிணி. எனக்குத்தான் புத்தி தடுமாறிப்போச்சு. இனி நான் எதைப் பாத்து என்ன பண்றது? சங்கவி, சாவிக்கொத்தை நீயே வெச்சுக்க கண்ணு.”

பார்த்தீங்களா ஆன்ட்டி, எவ்வளவு அழகாக முடிந்தது! கஸ்டமரே தன் தப்பு என்று சொல்லிவிட்டார். அக்கா வேலை பத்திரம், கப்பல்காரன் கப்பலிலேயே இருக்கலாம். பேசாமல் பாயசம் குடித்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். இந்த இடத்தில்தான் பெனிட்டா அக்கா எனக்குத் துரோகம் செய்தார். என் கையைப் பிடித்து இழுத்து அந்த அம்மா முன்னால் நிறுத்தினார்.

“அம்மா மாதிரிப் பேசு.”

“அக்கா, எதுக்குக்கா…”

“பேசுட்டி.”

அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விளையாட்டாகப் பேச வரவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். “மேளக்காரர் சின்னராசும் நல்லபடியா போயிட்டு வரட்டும் கண்ணு.”

கனகமணி அம்மா என்னையே பார்த்தார். போனவர் திரும்பி வந்ததுபோல ஒரு மூச்சு விட்டார். அப்புறம் கேட்டார்: “நான் இப்படியா பேசறேன்?”

அப்போது பின்னாலிருந்து சங்கவி. மாமியார் முன்னால் அந்தப் பெண் பேசி யாரும் கேட்டதில்லையாம். “ஆமாங்கத்தை. அப்படியேதானுங்.”

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது. கனகமணி அம்மா திரும்பி மருமகளை முறைத்தார். முறைக்க முறைக்க அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் என் காதைப் பிடித்துத் திருகினார். அது சிரிப்பில் சேராது ஆன்ட்டி, நிஜத் திருகல். இந்தக் காது இன்னும் சிவப்பாக இருக்கும், பாருங்க. சாவிக்கொத்து திரும்பவும் அவர் இடுப்புக்கே போயிற்று. பெனிட்டா அக்காவிடம் சொன்னார்: “நானே சொன்னதா விட்டுட்டுத் தப்பிச்சிருக்கலாம் நீ. விடலை. அதுக்காக இருக்கறேன். ஆனா இனி என்ற குரலை மட்டும் நம்பக்கூடாது. நான் சொன்னாலும் என்ற மருமகளை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் யாரையும் எடுக்கோணும்.”

சார் மறுநாள் என்னைக் கூப்பிட்டார். முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். “ஏட்டி, நாளையிலேர்ந்து நீ இங்க வரக்கூடாது.” பெனிட்டா அக்கா திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. என் குறிப்பில் புது வரி ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தார், அதை மட்டும் எட்டிப் பார்த்தேன். “மாமியார் சொன்னபின் மருமகளைக் கேள்: உங்க அத்தை சொன்னது இப்படியேதானுங்களா? மருமகள் ஆம் என்றால் மட்டும் நீக்கு.”

இப்போது தீர்ப்பு சொல்லுங்க ஆன்ட்டி. எழுதியது நான், மேளம் வாசித்தது நான், காது என்னுடையது. துரத்தலாமா?

ஏன் சிரிக்கிறீங்க? சரி, அதை விடுங்க. நேற்று வீட்டில் சும்மா படுத்திருந்தபோது ஒன்று தோன்றியது. சங்கவி அக்கா பேசி நான் கேட்டது அந்த ஒரே ஒரு வாக்கியம்தான். அவர் குரலில் எனக்கு வேறு எதுவுமே வராது. ஆனால் பட்டு கேட்கப்போகிற கேள்வி என்ன? “உங்க அத்தை சொன்னது இப்படியேதானுங்களா?” என்னிடம் இருக்கிற வாக்கியம் என்ன?

“ஆமாங்கத்தை. அப்படியேதானுங்.”

பட்டுவைப் போய் அத்தை என்று கூப்பிட்டால் அது கோபித்துக்கொள்ளுமா என்ன? அன்னூர் மண்டபத்தில் அத்தனை பேரையும் ஒவ்வொருத்தராக, நல்லபடியாக, நானே ரெண்டு பேராக நின்று வழியனுப்பிவிடலாம்!

ஐயோ, அப்படிப் பார்க்காதீங்க. செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இப்போது போகிறேன், வரக்கூடாது என்று சொன்ன இடத்துக்கே. நாளன்றைக்கு மறுபடியும் முகூர்த்தம், அதற்குள் அடைக்க வேண்டிய ஓட்டை இது. பெனிட்டா அக்கா முதலில் கத்துவார். “ஏட்டி, உன்னை வராதன்னு சொன்னாவல்லா?” நான் பதில் சொல்லப்போவதில்லை. மைக்கை எடுத்து முதலில் மாமியார், அப்புறம் மருமகள். அவ்வளவுதான். கத்தல் நிற்கும். குறிப்பைத் திறப்பார். ஒரு நிமிஷம் அதையே பார்ப்பார். அப்புறம் திரும்பாமலேயே காலால் பக்கத்து நாற்காலியை எனக்காக நகர்த்திவிடுவார்.

கொஞ்சம் காலை மடக்குங்க ஆன்ட்டி, இறங்கணும். பேக்கரி வந்துவிட்டது.